எந்தக் குதிரை பெரிது?

சென்ற இரண்டு இதழ்களில் பருவச் சீட்டுப் பெறும் முறையைப் பற்றியும் வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டியதன் தேவையைப் பற்றியும் இப்பகுதியில் எழுதியிருந்தேன். இம்மாதம் குதிரைகளைப் பற்றி எழுதப் புகுகிறேன். "பாறசாலையில் குதிரை ஏது?" என்று வாசக அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. திருவிழாக் காலத்தில் யானையைக் காண்கிறோம். நாள்தோறும் ஆட்டையும் மாட்டையும் காண்கிறோம். குதிரையையோ நம் பிள்ளைகள் திரைப்படத்திலும் கோயில் வாகனத்திலுமே கண்டிருப்பர். எனினும், நம் சங்கத்துப் படிப்பகத்தில் ஒரு குதிரையால் எழுந்த சச்சரவு நம்மவருள் ஒருவரை மூன்று வாரம் வீட்டோடு இருத்திவிட்டது. ஆகவே எழுதாமல் இருப்பதற்கில்லை.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அமரவிளையிலிருந்து வரும் இளைஞர் ஒருவர் சிட்னி நகரில் வாழும் தம் அக்காளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்காளும் அத்தானும் 2019 ஏப்ரல் 13ஆம் நாள் அந்நகரின் ராண்ட்விக் பந்தயத் திடலுக்குச் சென்று, 'விங்ஸ்' என்னும் பெண் குதிரையின் கடைசி ஓட்டத்தை நேரில் கண்டவர்களாம். "உலகத்தில் அதற்கு நிகரான குதிரை பிறந்ததும் இல்லை, பிறக்கப் போவதும் இல்லை" என்றார் இளைஞர். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தாம் இளமையில் படித்த 'பார் லாப்' என்னும் குதிரையின் வரலாற்றை எடுத்துரைத்தார். மூலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர், இளமையில் கிண்டியில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். அவர் தலையை நிமிர்த்தி, "எங்கள் காலத்துக் குதிரைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், தம்பி" என்றார்.

இளைஞர் சிரித்துக்கொண்டே, "தாத்தா, உங்கள் காலத்துக் குதிரை இன்று ஓடினால், திடலைச் சுற்றி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நாளிதழை மடித்து வைத்தார். துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு வெளியே சென்றார். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவருடைய நாற்காலி காலியாகவே கிடந்தது.

சங்கச் செயலாளர் என்னை அழைத்து, "நீங்கள் ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவர். இந்தக் கணக்கையும் எழுதித் தீர்த்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். குதிரை ஏறியவன் அல்லன். ஆயினும் பேரேட்டைப் பார்த்து வரவையும் செலவையும் சரிபார்க்கத் தெரியும். அவ்வளவைக் கொண்டே இதில் இறங்கினேன்.

முதலில் விங்ஸின் கணக்கைப் பார்ப்போம். அக்குதிரை மொத்தம் 43 முறை ஓடி 37 முறை வென்றது. முதல் 10 ஓட்டங்களில் 4 வெற்றி மட்டுமே. 2015 மே மாதத்திலிருந்து ஓய்வு பெறும் வரை 33 ஓட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற 'காக்ஸ் பிளேட்' பந்தயத்தை 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றது. அதற்கு முன் அப்பந்தயத்தை மூன்று முறைக்குமேல் வென்ற குதிரை இல்லை. 2017ஆம் ஆண்டு ஒரு பந்தயத்தில் கதவு திறந்தபோது தயங்கி நின்று பின்தங்கிவிட்டது. அப்படியும் முடிவுக் கோட்டுக்கு அருகில் முந்திச் சென்று வென்றது.

இனி பார் லாப். 1926இல் நியூசிலாந்தில் பிறந்த குதிரை. அதன் பெயருக்குத் தாய்லாந்து மொழியில் 'மின்னல்' என்று பொருள். 160 கினிக்கு வாங்கப்பட்டது. அதை மலிவு என்றே சொல்ல வேண்டும். முதல் நான்கு ஓட்டங்களில் முதல் மூன்று இடங்களுள் ஒன்றைக்கூட அது பெறவில்லை. பிற்காலத்தில் அதுவே ஒரு நாட்டின் பேச்சாயிற்று. மொத்தம் 51 முறை ஓடி 37 முறை வென்றது.

வாசகர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். விங்ஸுக்கும் 37 வெற்றி. பார் லாப்புக்கும் 37 வெற்றி. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு இடைவெளியில் ஓடிய இரு குதிரைகள் ஒரே தொகையில் வந்து நிற்கின்றன. ஓட்டங்களால் வகுத்தால் விங்ஸுக்கு நூற்றுக்கு 86. பார் லாப்புக்கு நூற்றுக்கு 73. "அப்படியானால் இளைஞர் சொன்னதே சரி" என்று பேரேட்டை மூடிவிடலாம். ஆனால் சரக்கு அலுவலகத்தில் சில காலம் இருந்தவன் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கணக்கை முடிக்கமாட்டான். எடையையும் பார்ப்பான்.

குதிரைப் பந்தயத்தில் 'ஹாண்டிகாப்' என்று ஒரு முறை உண்டு. வலிய குதிரைக்கு அதிக எடையும் மெலிந்த குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாவற்றுக்கும் வெல்லும் வாய்ப்பைச் சமமாக்குவதே அதன் நோக்கம். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். புகைவண்டியில் எடை ஏறினால் கட்டணம் ஏறும். பந்தயத்திலோ புகழ் ஏறினால் எடை ஏறும்.

1930 நவம்பரில் பார் லாப் மெல்பர்ன் கோப்பையில் ஓடியபோது சுமந்த எடை 138 இராத்தல், அதாவது ஏறக்குறைய 63 கிலோ. தூரம் இரண்டு மைல். அதற்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை விடியற்காலையில், அக்குதிரையைச் சுட்டுக் கொல்ல எவரோ முயன்றனர். குண்டு தப்பிற்று. அன்று பிற்பகலே அது ஒரு பந்தயத்தில் ஓடி வென்றது. செவ்வாய்க்கிழமை கோப்பையையும் வென்றது. அவ்வாண்டு அத்திடலில் நான்கு நாள் நடந்த பந்தய விழாவில் நான்கு நாளும் அதற்கு வெற்றியே. மறு ஆண்டு அதன் முதுகில் 150 இராத்தல், ஏறத்தாழ 68 கிலோ, ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. பேரேட்டில் அது 'தோல்வி' என்று ஒரே சொல்லில் பதிவாகியிருக்கிறது. எடைக்கென்று ஒரு பத்தி இல்லாத பேரேடு அது.

விங்ஸ் ஓடியவை பெரும்பாலும் வயதுக்கேற்ப ஒரே அளவு எடை ஏற்றும் பந்தயங்கள். இரண்டு மைல் தூரமுள்ள மெல்பர்ன் கோப்பையில் அது ஓடவே இல்லை. இது குறையன்று, உடையவர்களும் பயிற்சியாளரும் எந்த வேலைக்கு எந்தக் குதிரை என்று அறிந்து நடத்தினார்கள். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பதற்கு இதுவே போதும்.

"எண்ணிக்கை வேண்டாம், கடிகாரம் பொய் சொல்லாதே" என்று இளைஞர் கேட்டார். கடிகாரத்தையும் பார்த்தேன். அமெரிக்காவில் 'செக்ரடேரியட்' என்ற குதிரை 1973ஆம் ஆண்டு மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று மும்முடி சூடியது. மூன்றாவது பந்தயமான பெல்மாண்டில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் கடந்து, இரண்டாவது குதிரையை 31 குதிரை நீளம் பின்னே விட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்நேரத்தை எந்தக் குதிரையும் அங்கு முறியடிக்கவில்லை. பழைய குதிரைகள் இன்று ஓடினால் பின்தங்கிவிடும் என்பதற்கு இது நேரான மறுப்பு.

கடிகாரமும் பிசகும் என்பதற்கும் அதே குதிரையே சான்று. அவ்வாண்டு இரண்டாவது பந்தயத்தில் அதன் நேரம் தவறாகக் குறிக்கப்பட்டது. 39 ஆண்டுகள் கழித்து, 2012இல், பழைய படச்சுருளை ஆராய்ந்து 1 நிமிடம் 53 விநாடி என்று திருத்தினார்கள். அதுவரை அப்பந்தயத்தின் சாதனைப் பட்டியலில் அதற்குரிய இடம் கிடைக்கவில்லை.

எடையும் நேரமும் எதிர்த்த குதிரைகளின் தரமும் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு குதிரைக்கும் மதிப்பெண் இடும் வல்லுநர் குழுவும் உலகில் உண்டு. இங்கிலாந்தில் 2010 முதல் 2012 வரை 14 முறை ஓடி 14 முறையும் வென்ற 'பிராங்கல்' என்ற குதிரைக்கு அவர்கள் 140 மதிப்பெண் அளித்தார்கள். ஆனால் 1986ஆம் ஆண்டின் 'டான்சிங் பிரேவ்' 141 பெற்றிருந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய காலத்து மதிப்பெண்கள் தாராளமாக இடப்பட்டவை என்று சொல்லி, 2013 ஜனவரியில் பழைய குதிரையின் 141ஐ 138 ஆகக் குறைத்தார்கள். அதன் பின் பிராங்கலே முதலிடம். காரணம் கூறித்தான் திருத்தினார்கள். எனினும் ஓடி முடித்து, இறந்தும்போன குதிரை, தன் பங்குக்கு ஒரு வார்த்தை பேச முடியாமல், மூன்று மதிப்பெண் இழந்தது. இதைப் படித்தபோது மடித்து வைத்த நாளிதழும் உதறிய துண்டும் என் நினைவுக்கு வந்தன.

நான்காம் ஞாயிற்றுக்கிழமை இளைஞரையும் அழைத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். களியக்காவிளைக்குப் போகும் சாலையில், மகளுடன் இருக்கிறார். வாசலில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாருங்கள்" என்று சொல்லிப் பாய் விரித்தார். சச்சரவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மகள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் என் கணக்கு முழுவதையும் சொன்னேன். எடையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையசைத்தார்.

பின் இளைஞர் தம் கைப்பேசியை எடுத்து, "தாத்தா, அந்தக் குதிரையை நீங்களே பாருங்கள்" என்று விங்ஸின் ஓட்டம் ஒன்றைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு முறை பார்த்து முடித்து, மீண்டும் காட்டச் சொன்னார். மூன்றாம் முறை முடிந்ததும் கூறினார்: "இதற்கு எட்டு வைக்கும் நீளம் பெரிதில்லை, தம்பி. மற்றவை ஓர் எட்டு வைக்கும் நேரத்தில் இது கூடுதலாக வைக்கிறது. கடைசியில் எல்லாம் களைத்து எட்டு குறையும்போது இதற்குக் குறையவில்லை. தையல் இயந்திரத்து ஊசி மாதிரி ஓடுகிறது."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் விங்ஸின் ஓட்டத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். சாதாரணப் பந்தயக் குதிரை ஐந்து விநாடியில் 12 எட்டு வைத்தால், விங்ஸ் 14 எட்டு வைக்கிறதாம். கருவி கொண்டு கண்ட உண்மையைப் பெரியவர் ஐந்து அங்குலத் திரையில் வெறுங்கண்ணால் கண்டுவிட்டார். மறுநாள் இளைஞரிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

பெரியவர் தம் காலத்துக் குதிரைகளைப் பற்றியும் சொன்னார். நம் நாட்டில் இந்தியன் டெர்பி பந்தயம் 1943இல் பம்பாயில் தொடங்கியது; முதல் ஆண்டு அதை வென்றது 'பிரின்சஸ் பியூட்டிபுல்' என்னும் பெண் குதிரை. பெரியவர் லாயத்தில் இருந்த நாட்களில் ஊரெங்கும் பேச்சு 'ஸ்குவாண்டரர்' என்ற குதிரையைப் பற்றியே. 19 முறை ஓடி 18 முறை வென்றது அது. பின்னாளில் 'எலூசிவ் பிம்பர்னல்' 23 முறை ஓடி 22 முறை வென்றது. நூற்றுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் விங்ஸின் 86ஐ இரண்டுமே தாண்டிவிடும். "ஆனால் அங்கே எதிர்த்து ஓடிய குதிரைகள் வேறு, இங்கே எதிர்த்து ஓடியவை வேறு. அதனால் இவைதான் பெரியவை என்று நான் சொல்லமாட்டேன். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன்" என்றார். அன்று படிப்பகத்திலும் அவர் சொன்னது அவ்வளவே. நாம்தான் கேட்கவில்லை.

கிண்டியில் 1777ஆம் ஆண்டு முதல் குதிரைகள் ஓடின. கோடையில் அவற்றை உதகைக்குக் கொண்டுசெல்வது வழக்கமாக இருந்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கிண்டித் திடலின் குத்தகையை நீக்கி நிலத்தைத் தன் வசம் எடுத்தது. பொதுமக்களுக்குப் பூங்கா வருவது நல்லதே. அந்தச் செய்தி வந்த நாளிதழைப் பெரியவர் இன்னும் எடுத்து வைத்திருக்கிறார்.

இளைஞர் ஒரு கேள்வி கேட்டார்: "தாத்தா, நீங்கள் பார்த்துக்கொண்ட குதிரை எத்தனை பந்தயம் வென்றது?"

"ஒன்றும் இல்லை" என்றார் பெரியவர். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. விடியற்காலை நான்கு மணிக்கு இவருடைய காலடி கேட்டால் கனைக்குமாம். கொள்ளு வேகவைத்துக் கொடுத்து, ஓட்டம் முடிந்தால் வைக்கோலால் தேய்த்து, காலில் சூடு ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இரண்டு ஆண்டு வளர்த்திருக்கிறார். இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் சில முறை வந்தது, வெல்லவில்லை. ஒரு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது லாயத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. விற்றுவிட்டார்கள் என்றார்கள். எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. "எந்தக் குதிரை பெரிது என்று எல்லோரும் கேட்கிறார்கள், தம்பி. தோற்ற குதிரை எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை" என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த கீரையை உள்ளே கொடுத்து அனுப்பினார். பிறகு திரும்பி, "இந்த விங்ஸ் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

இளைஞர் தாம் அறிந்ததைக் கூறினார். ஓய்வுக்குப் பின் 2020இல் ஈன்ற முதல் குட்டி தங்கவில்லை. 2022இல் ஒரு பெண் குட்டி பிறந்தது. அது 2024 ஏப்ரலில் ஏலத்தில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விலைபோயிற்று. தாய்க் குதிரையின் உடைமையாளர்களுள் ஒருவரே அதை வாங்கினார். விலையைக் கேட்டு நான் வியந்தேன். பெரியவர், "நல்லது, தெரிந்த கைக்கே போயிருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. குதிரையைப் புகழ்வது வேறு. குதிரை மேல் பணம் கட்டுவது வேறு. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றினார்கள். வழக்கு நீண்டு, 1996இல் உச்ச நீதிமன்றம் அது திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் கூறிய திறமை பந்தயத் திடலில் இருக்கலாம். நம் வீட்டு மாதச் சம்பளத்தில் இல்லை. பல ஆண்டுகள் லாயத்திலேயே கிடந்த இப்பெரியவர் ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. "காலையில் அதன் காலைத் தடவிப் பார்த்த எனக்கே மாலையில் என்ன நடக்கும் என்று தெரியாது. தூரத்தில் இருப்பவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். கைப்பேசி வழியே பலவகைப் பந்தயங்களில் பணம் இழந்துகொண்டிருக்கும் நம் இளைஞர் சிலர் இதை மனத்தில் கொள்வார்களாக.

இனி என் தீர்ப்பு. செயலாளர் கேட்டதால் சொல்கிறேன். ஒருமுறைகூடச் சோர்ந்துபோகாமல் நான்கு ஆண்டு ஓடிய உறுதியில் விங்ஸே முதன்மை. சுமையும் தூரமும் ஏற ஏற வென்ற ஆற்றலில் பார் லாப்பே முதன்மை. ஒரே நாளில் ஒரே ஓட்டத்தின் வேகம் என்று கேட்டால், 1973ஆம் ஆண்டின் செக்ரடேரியட்டுக்கு என் வாக்கு. மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் சொல் என்றால் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர் எடைப் பத்தியைப் பாராமல் கணக்கை முடிப்பவர்.

பெயர்ந்து வந்து வாழும் நமக்கு ஒப்பிடுவது பிறவிக் குணம் போல ஆகிவிட்டது. திருநெல்வேலித் தண்ணீரையும் நெய்யாற்றின்கரைத் தண்ணீரையும் ஒப்பிடுகிறோம். 1956இல் எல்லை பிரிந்தபோது கல்குளமும் விளவங்கோடும் அந்தப் பக்கம் போய், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றதையும் இன்றுவரை ஒப்பிட்டுப் பேசுகிறோம். வீட்டிலும் அப்படியே. "நாங்கள் உங்கள் வயதில்" என்று தகப்பன் தொடங்குகிறார். "அந்தக் காலம் வேறு" என்று மகன் முடிக்கிறான். இருவரும் பேசட்டும், தவறில்லை. ஆனால் ஒருவர் மற்றவரை அளக்கும்போது, அவர் முதுகில் எத்தனை இராத்தல் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மொழி தெரியாத ஊரில் கூலி வேலை பார்த்து நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், சொந்த வீடு கட்டவில்லை என்பதால் தோற்றவர் ஆகமாட்டார். இன்று கடன் தவணையும் வேலை நிச்சயமின்மையும் சுமந்து ஓடும் பிள்ளையின் முதுகிலும் ஈயத் தகடு இருக்கிறது. அது வெளியே தெரியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெரியவர் படிப்பகத்துக்கு வந்தார். இளைஞர் எழுந்து நாளிதழை எடுத்துக் கொடுத்தார். அரை மணி நேரம் அமைதி நிலவியது. பிறகு ஆசிரியர், 1976இல் மறைந்த குருவாயூர் கேசவன் பெரிய யானையா, 2020இல் மறைந்த குருவாயூர் பத்மநாபன் பெரிய யானையா என்று தொடங்கினார். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் ஏழரை மணி வண்டியைச் சாக்காகச் சொல்லி வெளியேறிவிட்டேன்.